மயில் ஏறிய எவர்சில்வர் கார்

சிஷ்யருக்கு ஐம்பத்து மூன்று வயது. குருவுக்கு முப்பத்தாறு. இதில் சிஷ்யருக்குக் கொஞ்சம் கூச்சம் இருந்தது. குருவுக்கு அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை.

சிஷ்யரின் பெயர் துரைக்கண்ணு. கோயம்புத்தூரில் முப்பத்தொரு வருஷம் கார்களுக்குப் பெயின்ட் அடித்தவர். எந்த வண்டி எப்படி நசுங்கி வந்தாலும் தட்டி நிமிர்த்தி, பட்டி பார்த்து, தேய்த்து, பெயின்ட் அடித்து அனுப்புவார். இடித்தவனே திரும்பி வந்து தேடினாலும் இடித்த இடம் கிடைக்காது. "துரைக்கண்ணு கை வெச்ச எடத்தைக் கண்டுபுடிச்சா பிரியாணி வாங்கித் தர்றேன்" என்று பந்தயம் கட்டுவார். அந்தப் பிரியாணியை இதுவரை ஒருத்தரும் சாப்பிட்டதில்லை.

ஒரு நாள் டாக்டர் அவருடைய நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இன்னும் ஒரு வருஷம் அந்தப் புகைல நின்னீங்கன்னா, அப்புறம் சிலிண்டரைக் கூடவே தள்ளிக்கிட்டுத்தான் நடக்கணும்" என்றார். மனிதர் சும்மா பயமுறுத்துகிறாரோ என்று துரைக்கண்ணு இன்னொரு டாக்டரிடம் போனார். அவர் அந்த ஒரு வருஷத்தைக்கூடத் தரவில்லை.

பெயின்ட் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சும்மா இருந்தாரா என்றால் இல்லை. கதவுக்கு அடித்த பெயின்ட் சரியில்லை, பீரோவுக்கு அடித்தது சரியில்லை என்று மனைவியைப் படுத்தி எடுத்தார். எட்டாம் நாள் அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டு, "எங்காச்சும் வேலைக்குப் போயிருங்க சாமி" என்றார்.

பெயின்ட் இல்லாத வேலை எது என்று விசாரித்தபோது எல்லாரும் சொன்ன பெயர் ஜெசிந்தா. கணபதியில் ஒரு தகர ஷெட். லிஃப்ட் கதவு, ஓட்டல் சமையல் மேடை, ஆஸ்பத்திரிக் கைப்பிடி என்று எவர்சில்வரில் எது கீறல் பட்டாலும், மங்கினாலும் அங்கேதான் வரும். லிஃப்ட் செய்யும் கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு வருஷம் தகடு தேய்த்துவிட்டுத் தனியாகத் தொழில் வைத்தவர் ஜெசிந்தா. அதிகம் பேசமாட்டார். துரைக்கண்ணு போய் நின்ற அன்றைக்கும் கொஞ்சம்தான் பேசினார்.

"ஒரு மாசம் பாக்கலாங்கண்ணா. ஏழடிக் கதவுல உங்க இழுப்பு நேரா வந்துச்சுன்னா இங்கயே இருங்க. வரலைன்னா வருத்தப்படக் கூடாது."

"நேராத்தானே அம்மிணி? அது என்ன பெரிய வித்தை" என்றார் துரைக்கண்ணு.

ஜெசிந்தா ஒரு லிஃப்ட் கதவைக் காட்டினார். அதில் மயிர் மயிராகக் கோடுகள் ஓடின. மேலிருந்து கீழே, ஆயிரக்கணக்கில், ஒன்றோடொன்று இடிக்காமல்.

"இது என்னன்னு தெரியுதுங்களாண்ணா?"

"பளபளப்பு."

"இல்லீங்க. கீறல். இதுல கீறாத எடமே கெடையாது. எல்லாம் ஒரே பக்கமாப் போகுது, அவ்வளவுதான்."

துரைக்கண்ணு சிரித்துவிட்டார். முப்பத்தொரு வருஷமாகக் கீறலை ஒழித்துக்கட்டியே பேர் வாங்கியவர். கீறலுக்கே காசு கொடுக்கிறார்கள் என்றால் சிரிப்பு வராதா.

ஜெசிந்தா சாம்பல் நிறத் தேய்ப்பு நாரை ஒரு மரக்கட்டையில் சுற்றிக்கொண்டு, முக்காலிகள் மேல் படுக்கப் போட்டிருந்த ஏழடிக் கதவின் பக்கம் போனார். "கூட வந்து பாருங்கண்ணா" என்று கூப்பிட்டார்.

துரைக்கண்ணு அதற்குள் ஒரு ஸ்டூலைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். "மூட்டு வலி அம்மிணி. இங்கிருந்தே தெரியுது. எனக்குக் கழுகுக் கண்ணு."

ஜெசிந்தா இரண்டாம் முறை கூப்பிடவில்லை. கதவின் இந்த முனைக்கு முன்னாலிருந்து அந்த முனைக்கு அப்பால்வரை ஒரே இழுப்பு இழுத்தார். துரைக்கண்ணு அந்தக் கையைப் பார்த்தார். கட்டையை அழுத்தவும் இல்லை, தூக்கவும் இல்லை. எங்கேயும் தயங்காமல் ஒரே சத்தமாக அது போய் முடிந்தது. நல்ல கையைப் பார்த்தால் அவருக்குப் பொறாமை வராது, பசி வரும். அன்றைக்கு இரண்டு சாப்பாடு சாப்பிட்டார்.

மறுநாளிலிருந்து சோதனை ஆரம்பித்தது.

முழ நீளத் துண்டுத் தகடுகளில் அவருடைய இழுப்பு நேராக வந்தது. ஏழடிக் கதவில் வரவில்லை. ஜெசிந்தா இழுத்தால் ஒரு சத்தம், அவர் இழுத்தால் மூன்று சத்தம். ஓரிடத்தில் நின்று இழுப்பார், தள்ளி நின்று இழுப்பார், மறுபடி தள்ளி நின்று இழுப்பார். முடித்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கோடெல்லாம் மூன்று முறை வளைந்து வளைந்து போயிருக்கும். போதாக்குறைக்கு ஒவ்வொரு முடிவிலும் ஒரு சின்னக் கொக்கி. பெயின்ட் வேலையில் ஓரம் தெரியாமல் இருக்கக் கையை லேசாகச் சுழற்றி எடுப்பார்கள். அந்தச் சுழற்றல் அவர் மணிக்கட்டில் முப்பத்தொரு வருஷமாகக் குடியிருந்தது.

"எப்ப அம்மிணி நேராகும்?" என்று தினமும் கேட்டார்.

"ஆனதும் தெரியுங்கண்ணா" என்றார் ஜெசிந்தா தினமும்.

இரண்டாவது வாரம் துரைக்கண்ணு ஒரு மர ஸ்கேலை மணிக்கட்டோடு வைத்துத் துணி சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தார். கை எலும்பு முறிந்துவிட்டதா என்று பஸ்ஸில் நாலு பேர் விசாரித்தார்கள். கொக்கி போய்விட்டது. வளைவு போகவில்லை. மூன்றாவது வாரம் ஜெசிந்தா வேலை செய்யும்போதெல்லாம் ஸ்டூலை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தக் கையையே பார்த்தார். விரல் எப்படிப் பிடிக்கிறது, கட்டை விரல் எங்கே நிற்கிறது என்று மனப்பாடமே பண்ணிவிட்டார். அதே மாதிரி பிடித்தார். அப்படியும் வளைந்தது.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை, குழந்தைவேலு தன் காரை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

குழந்தைவேலு மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய கார் ஒன்றின் எலும்புக்கூட்டை வாங்கி, உடம்பு முழுக்க எவர்சில்வர் தகட்டிலேயே தட்டிப் பூட்டியவர். பதினோரு வருஷம் ஆனது. ஒரு சொட்டுப் பெயின்ட் கிடையாது. தெருவில் போனால் "டிபன் பாக்ஸ் வருது, வழி விடுங்க" என்பார்கள். அவருக்கு அதில் கோபமில்லை. வழி விடுகிறார்களே, அது போதும்.

துரைக்கண்ணு அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஆயிரம் கார் பார்த்தவர். எல்லாம் சட்டை போட்ட கார்கள். இது பிறந்த மேனிக்கு நின்றது. பட்டியில்லை, பூச்சில்லை, எதையும் எதற்குக் கீழேயும் ஒளிக்க இடமில்லை. ஒரு மனுஷன் எவ்வளவு தைரியமாக வேலை செய்திருக்கிறான் என்று நினைத்தவர், தன்னையறியாமல் ஒரு கும்பிடு போட்டார்.

"என்னங்க ஆச்சு?" என்று கேட்டார் ஜெசிந்தா.

"முருகன் வண்டி எம்பட வண்டி மேல ஏறிருச்சு அம்மிணி" என்றார் குழந்தைவேலு. தோட்டத்துப் பக்கம் நிறுத்தியிருந்தாராம். ஆண் மயில் ஒன்று பானெட்டில் மங்கலாகத் தெரிந்த தன் உருவத்தைப் பார்த்து, யாரோ போட்டிக்கு வந்திருக்கிறான் என்று சண்டைக்குப் போயிருக்கிறது. பானெட்டின் நடுவில் நாலைந்து நகக் கீறல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. "நாயா இருந்தா ரெண்டு போட்டிருப்பேன். இதைத் திட்டவும் முடியல. வியாழக்கிழமை கிருத்திகை. மருதமலைக்கு இதுலதான் போறோம். மயிலோட முதலாளிகிட்டயே நேர்ல சொல்லிக்கறேன். அதுக்குள்ள சரி பண்ணிருங்க."

செவ்வாய்க்கிழமை ஜெசிந்தாவுக்குத் திருப்பூரில் ஓர் ஓட்டலில் வேலை இருந்தது. புறப்படும்போது, "காரை சோப்புத் தண்ணில கழுவி மட்டும் வைங்கண்ணா. நார் போட வேண்டாம். நாளைக்கு ரெண்டு பேருமாப் பாத்துக்கலாம்" என்றார்.

துரைக்கண்ணு கழுவினார். துடைத்தார். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

புதன்கிழமையோடு மாதம் முடிகிறது. ஏழடிக் கதவு நேராகப் போவதில்லை என்று அவருக்கே தெரிந்துவிட்டது. மறுபடி வீட்டில் போய் பீரோவைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அதை நினைத்தாலே நெஞ்சில் அந்தப் புகை நிற்பது மாதிரி இருந்தது. ஆனால் இது ஏழடிக் கதவில்லையே. சாண் அகலக் கீறல். ஒரு கீறலை ஒழிக்கத் தெரியாதவனா துரைக்கண்ணு? அம்மிணி வந்து பார்க்கட்டும். வாயைத் திறக்காமல் சேர்த்துக்கொள்வார்.

நாரை எடுத்தார். மயிலின் நகம் பட்ட இடத்தில் மட்டும் தேய்த்தார். கால் மணி நேரத்தில் கீறல் போய்விட்டது. நிமிர்ந்து பார்த்தார். கீறல் இருந்த இடத்தில் தோசைத் தட்டு அகலத்துக்கு ஒரு வெளுப்பு நின்றது. சுற்றிலும் இழை நேராக ஓட, அங்கே மட்டும் வளைந்து கிடந்தது. அதன் ஓரத்தைக் கொஞ்சம் கரைத்துவிட்டார். தட்டு தாம்பாளமானது. இன்னும் கொஞ்சம் கரைத்தார். மயிலே தேவலை என்று தோன்றியது.

மூன்று மணிக்கு அவருக்கு வேர்த்துக் கொட்டியது. மூன்றரைக்கு, சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிப் பக்கம் ஜெசிந்தா வைத்திருக்கும் தேங்காய் எண்ணெய் பாட்டில் கண்ணில் பட்டது.

எவர்சில்வரில் எண்ணெய் தடவினால் எல்லாம் ஒரே நிறமாகிவிடும். பூசி, துணியால் இழுத்துவிட்டு, தள்ளி நின்று பார்த்தார். வெளுப்பு இல்லை, வளைவு இல்லை. ஷெட் நிழலில் பானெட் கோவில் விக்கிரகம் மாதிரி நின்றது. பழைய துரைக்கண்ணு திரும்பி வந்துவிட்டார். பிரியாணிப் பந்தயம்கூட ஞாபகத்துக்கு வந்தது.

ஜெசிந்தா ஐந்து மணிக்கு வந்தார். காரைப் பார்த்தார். பானெட் பக்கம் குனிந்தார். விரல் வைக்கவில்லை.

"கீறலைக் காணமேங்கண்ணா."

"போயிருச்சு அம்மிணி" என்றார் துரைக்கண்ணு.

ஜெசிந்தா குழாய்ப் பக்கம் போனார். ஒரு வாளியில் தண்ணீர் பிடித்தார். சோப்பைக் கரைத்தார். வாளியைக் கார் பக்கத்தில் வைத்து, மக்கை அதன் விளிம்பில் மாட்டினார்.

"நான் டீ குடிச்சுட்டு வந்தர்றேனுங்க" என்று சொல்லிவிட்டுக் கடைப் பக்கம் போனார்.

துரைக்கண்ணு வாளியைப் பார்த்தார். டீக்கடை ஷெட்டுக்கு எதிரிலேயே இருந்தது. ஜெசிந்தா இந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

வாளியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டால் போதும். நாளைக்குள் எண்ணெய் காயாது. வியாழக்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள் கார் போய்விடும். அப்புறம் மருதமலை அடிவாரத்தில், உச்சி வெயிலில், பதினோரு வருஷம் தட்டிப் பூட்டிய மனுஷன் தன் பானெட்டைப் பார்ப்பார். தூசியெல்லாம் அந்தத் தாம்பாளத்தில் ஒட்டியிருக்கும். அப்போது துரைக்கண்ணு பக்கத்தில் இருக்கமாட்டார். முப்பத்தொரு வருஷமாக அவர் அப்படிப் பக்கத்தில் இருந்ததில்லை.

ஒரு டீ குடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஜெசிந்தா அன்றைக்கு இரண்டு டீ குடித்தார்.

திரும்பி வந்தபோது பானெட்டிலிருந்து சோப்புத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சாயங்கால வெயில் ஷெட்டுக்குள் சாய்வாக விழுந்து, வெளுப்பும் வளைவுமாக எல்லாவற்றையும் எடுத்துக் காட்டியது. துரைக்கண்ணு மக்கோடு நின்றார்.

"கெடுத்துட்டேன் அம்மிணி. எண்ணெ போட்டு மறைச்சேன்."

"தெரியுங்கண்ணா."

"வாசத்துல தெரிஞ்சுதா?"

"பாட்டில் பாதி காலி. நான் ஊர்ல இல்ல. உங்க தலைல ஒரு முடி இல்ல."

துரைக்கண்ணு தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

"இதை எப்படி அம்மிணி சரி பண்றது?"

"நாளைக்குக் காலைல வெள்ளன வாங்க" என்றார் ஜெசிந்தா.

புதன்கிழமை ஏழு மணிக்கெல்லாம் அவர் வந்துவிட்டார். ஜெசிந்தா ஒரு சாக்பீஸைக் கொடுத்தார்.

"செவுத்துல ஒரு கோடு போடுங்கண்ணா. நேரா. நின்ன எடத்துலருந்து எவ்வளவு நீளம் முடியுமோ அவ்வளவு."

துரைக்கண்ணு சுவர் முன்னால் நின்றார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, இடமிருந்து வலமாக, கை எட்டும் மட்டும் ஒரே இழுப்பாக இழுத்தார். கொக்கி விழவில்லை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"நேராத்தானே இருக்குது?" என்றார்.

ஜெசிந்தா ஒரு நூலை எடுத்து, ஒரு முனையை அவர் கையில் கொடுத்தார். கோட்டின் இரண்டு முனையிலும் நூலைப் பிடித்து விறைப்பாக இழுத்தார்கள். நடுவில், நூலுக்கும் கோட்டுக்கும் இடையே நாலு விரல் போகும் போலிருந்தது.

துரைக்கண்ணு நூலைக் கீழே விட்டார்.

"அவசரப்பட்டுட்டேன். இன்னொருக்கா போடறேன்."

"எத்தனை தடவை வேணாலும் போடுங்க."

இன்னொரு முறை போட்டார். அதற்கும் நாலு விரல். கண்ணை மூடிக்கொண்டு போட்டார். அதற்கும் அப்படித்தான்.

"கைல என்னங்க தப்பு?" என்று கேட்டார்.

"கைல தப்பில்லீங்கண்ணா. அது தோள்ல கட்டியிருக்குது."

துரைக்கண்ணு தன் வலது தோளைத் தொட்டுப் பார்த்தார். கையை இப்படியும் அப்படியும் வீசிப் பார்த்தார். முளையில் கட்டின ஆடு மேய்ந்த இடம் எப்படி வட்டமாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இத்தனை நாள் கட்டின இடத்தை விட்டுவிட்டு ஆட்டை அடித்துக்கொண்டிருந்தார்.

"பானெட்டைக் கழட்டலாங்களா" என்றார் ஜெசிந்தா.

இரண்டு பேருமாகக் கழற்றி, முக்காலிகள் மேல் வைத்தார்கள். ஜெசிந்தா நார் சுற்றிய கட்டையை எடுத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். தகடு ஆரம்பிப்பதற்கு ஓரடி முன்னாலேயே நின்றார்.

அன்றைக்குத்தான் துரைக்கண்ணு ஜெசிந்தாவின் காலைப் பார்த்தார்.

கை இடுப்போடு ஒட்டி அப்படியே இருந்தது. நடந்தது கால். ஒரே சீராக, ஓர் அடி, இன்னோர் அடி, இன்னோர் அடி. கட்டை தகட்டில் ஏறியது, தகட்டைக் கடந்தது, தகடு முடிந்த பிறகும் ஓரடி காற்றில் போய் நின்றது. ஒரே சத்தம். ஒரு மாதமாக இந்த ஷெட்டில் தினமும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தார் அந்தப் பெண். கழுகுக் கண்ணுக்கு அது படவில்லை.

"ஒரு மாசமாப் பாத்தேனே அம்மிணி."

"எதை?"

"உங்க கையை."

ஜெசிந்தா தலையை ஆட்டினார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"மொத நாளே கூட வாங்கன்னு கூப்பிட்டேனுங்களே."

"மூட்டு வலின்னேன்."

"இப்ப எப்படி இருக்குது?"

"வலிக்குது."

"நடங்கண்ணா" என்று கட்டையை நீட்டினார் ஜெசிந்தா.

துரைக்கண்ணு வாங்கிக்கொண்டு தயங்கினார். "கெட்டது நடுவுல ஒரு தாம்பாள அகலம். அந்தாண்ட இந்தாண்ட எல்லாம் நல்லா இருக்குது. நல்லா இருக்கறதையும் எதுக்குத் தேய்க்கணும்?"

"நேத்து கெட்ட எடத்தை மட்டுந்தானே தேச்சீங்க?"

"ஆமா."

"அப்புறம் எதுக்கு எண்ணெ?"

துரைக்கண்ணு கட்டையைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். தகட்டுக்கு ஓரடி முன்னால் போய் நின்றார். நடந்தார்.

முதல் நடையில் கை பழையபடி தோளிலிருந்து நீண்டது. ஐந்தாவது நடையில் கால் முந்திக்கொண்டு கை பின்தங்கியது. பத்தாவதில் இரண்டும் சேர்ந்தன. ஜெசிந்தா ஒரு நடை, அவர் ஒரு நடை. முதலில் முரட்டு நார், அப்புறம் நடுத்தரம், அப்புறம் மெல்லியது. ஒவ்வொன்றுக்கும் பானெட் முழுக்க இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார்கள். துடைக்கும் துணியைக்கூட அதே பக்கமாகத்தான் இழுத்தார்கள். மத்தியானம் அவர் மூட்டு வீங்கிவிட்டது. ஜெசிந்தா நிறுத்தச் சொல்வாரோ என்று பயந்து அதை வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. சத்தம் மாறிக்கொண்டே வந்தது. நாலு மணி சுமாருக்கு அவர் நடந்த நடையில் ஒரே சத்தம் கேட்டது. அவர் அப்படியே நின்றுவிட்டார். ஜெசிந்தா அடுத்த நடைக்குத் தயாராக நின்றவர், "ம்" என்றார். அந்த ஒரு "ம்" துரைக்கண்ணுக்கு முப்பத்தொரு வருஷத்தில் வாங்கிய பாராட்டையெல்லாம் விடப் பெரிதாக இருந்தது.

மெல்லிய நார் முடிந்ததும் பானெட்டைத் தூக்கி வெயிலில் வைத்தார்கள். மயிலும் இல்லை, தாம்பாளமும் இல்லை. ஆயிரக்கணக்கான கீறல்கள் ஒன்றாக ஒரு பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன.

வியாழக்கிழமை காலை குழந்தைவேலு வேட்டி சட்டையில் விபூதியோடு வந்தார். பானெட்டைச் சாய்ந்து பார்த்தார், குனிந்து பார்த்தார், எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தார்.

"மயில் நின்ன எடம் எதுங்க?"

பழைய துரைக்கண்ணாக இருந்தால் பிரியாணிப் பந்தயத்தை ஆரம்பித்திருப்பார். இவர் முன்னால் வந்தார். பானெட்டின் நடுவில் விரல் வைத்தார்.

"மயில் நின்னது இங்க. அது கீறுனது இவ்வளவுதான்." அப்புறம் இரண்டு கையையும் அகட்டிக் காட்டினார். "நான் கெடுத்தது இங்கிருந்து இதுவரைக்கும். அம்மிணி வேண்டாம்னு சொல்லியும் நார் போட்டேன். அப்புறம் பானெட் பூரா புதுசா இழை போட்டோம்."

குழந்தைவேலு அவரை ஏற இறங்கப் பார்த்தார். மறுபடி பானெட்டைப் பார்த்தார். அவர் மில்லில் முப்பது வருஷம் இருந்தவர். கெடுத்தவன் கெடுத்த இடத்தைத் தானே தொட்டுக் காட்டி அவர் அதிகம் பார்த்ததில்லை.

"நான் போட்டதைவிட நேரா இருக்குது" என்றார். சாவியை எடுத்துக்கொண்டு, "பின் கதவு ரெண்டும் மங்கிப்போச்சு. மலைக்குப் போயிட்டு வந்து கொண்டாந்து விடறேன். நீங்களே பாருங்க" என்று துரைக்கண்ணிடம் சொன்னார்.

டிபன் பாக்ஸ் வெயிலில் மின்னிக்கொண்டு போனது. சாலையில் எல்லாரும் வழி விட்டார்கள்.

துரைக்கண்ணு உள்ளே வந்தார். ஆணியில் மாட்டியிருந்த தன் பையை எடுத்தார். சாப்பாட்டுத் தூக்கை அதில் வைத்தார். மணிக்கட்டில் கட்டிக்கொண்டு திரிந்த ஸ்கேலையும் வைத்தார்.

"மாசம் நேத்தோட முடிஞ்சுது அம்மிணி."

"ஆமாங்கண்ணா."

"பின் கதவை நீங்களே பண்ணிருங்க. அந்தப் பெரியவர் ஏதோ நல்ல மனசுல சொல்லிட்டுப் போறார்." பையின் வாயை முடிச்சுப் போட்டார். "நடந்தா நேரா வருது. நின்னா வளையத்தான் செய்யுது. இன்னைக்குக் காலைல நீங்க வர்றதுக்கு முன்னாடி மறுபடி செவுத்துல போட்டுப் பாத்தேன். அதே நாலு விரல். உங்க கை மாதிரி எங்கை ஆகலை. இனிமே ஆகாது."

சுவரில் நேற்றைய கோடுகளுக்குக் கீழே, அதே வளைவோடு, புதிதாக ஒரு கோடு இருந்தது.

ஜெசிந்தா சுவர்ப் பக்கம் போனார். சாக்பீஸை எடுத்தார். துரைக்கண்ணு நின்ற அதே இடத்தில் காலை ஊன்றி நின்றார். அவருடைய கோட்டுக்குக் கீழே, இடமிருந்து வலமாக, கை எட்டும் மட்டும் ஒரே இழுப்பாக ஒரு கோடு போட்டார். நூலை எடுத்து ஒரு முனையை அவர் கையில் கொடுத்தார். மறு முனையைத் தான் பிடித்துக்கொண்டார்.

நடுவில் துரைக்கண்ணு விரல் வைத்துப் பார்த்தார். நாலு விரல் போனது.

முக்காலிகள் மேல் ஏழடிக் கதவு ஒன்று காத்திருந்தது. ஜெசிந்தா கட்டையில் புது நாரைச் சுற்றி, அவரிடம் நீட்டினார்.

"எனக்கும் நின்னா வளையுதுங்கண்ணா" என்றார்.

துரைக்கண்ணு பையை ஆணியில் மாட்டிவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.